15 சென்ட் கத்தி பிறந்த கதை

பார்லோ ஒரு மடக்குக் கத்தி. மூடினால் மூன்றேகால் அங்குலத்தைச் சற்றே தாண்டும். கால்சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. அலகு பொருந்தும் பக்கம் கைப்பிடி ஒடுங்கியிருக்கும், மறுமுனை பருத்து உருண்டிருக்கும். இவ்வளவும் வேறு பல மடக்குக் கத்திகளுக்கும் உண்டு. பார்லோவைத் தனியே காட்டுவது அதன் கழுத்தில் உள்ள இரும்பு. அலகு திரும்பும் மூட்டை இருபுறமும் மூடியிருக்கும் உலோகப் பட்டைக்கு போல்ஸ்டர் என்று பெயர். மற்றக் கத்திகளில் அது சின்னதாக, மெருகேற்றி, ஒரு நகைபோல் உட்கார்ந்திருக்கும். பார்லோவில் கைப்பிடியின் மூன்றில் ஒரு பங்கு அந்த இரும்புதான். அதன்மேல் எட்டி நின்றாலும் படிக்கும்படி ஆழமாகப் பெயர் அடித்திருப்பார்கள்.

அமெரிக்காவில் இந்த ஒரு வடிவத்தை மட்டுமே ஆயுள் முழுக்கச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். முத்துச்சிப்பிப் பிடி போட்ட பேனாக்கத்திகள், மான்கொம்புப் பிடி போட்ட வேட்டைக் கத்திகள் என்று பகட்டானவை எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பையன் சில்லறை கொடுத்து வாங்கிய கத்தியைத் தேடி அலைகிறார்கள். அந்தப் பிரியத்துக்குக் காரணம் பார்லோ பிறந்த விதத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். இன்று அவர்கள் இதில் ரசிக்கிற அம்சங்களில் பெரும்பாலானவை, காசை மிச்சம் பிடிக்க யாரோ எடுத்த முடிவிலிருந்து வந்தவை.

கதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்குகிறது. மலைச்சரிவில் வேகமாக இறங்கி வரும் டான், ஷீஃப், லாக்ஸ்லி, ரிவலின் ஆறுகள் சாணைச் சக்கரத்தைச் சுற்றின. சாணைக்கல்லுக்கு ஏற்ற மணற்பாறை அருகிலேயே கிடைத்தது. உலைக்குக் கரியும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே சாசர் தன் கதையில் வரும் மாவரைப்பவன் ஒருவனுக்கு ஷெஃபீல்டுக் கத்தியைக் கொடுத்துவிட்டார் என்றால், ஊரின் பெயர் எவ்வளவு பழையது என்று புரியும். 1624இல் அங்குள்ள கத்தித் தொழிலாளர்களுக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு கம்பெனி அமைந்தது. தொழில் பழகி முடித்தவன் அந்தக் கம்பெனியில் தன் முத்திரையைப் பதிந்துகொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அப்படி அங்கே தொழில் செய்தவர் ஒபதையா பார்லோ. அவர் பெயரைத்தான் இந்தக் கத்தி சுமந்து திரிகிறது.

மடக்குக் கத்தியின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அலகின் அடியில் ஒரு ஆணி; முதுகில் ஓர் எஃகு வில். அலகைத் திறக்கும்போது வில் வளைந்து விலகி, முழுக்கத் திறந்ததும் படக்கென்று அதன் அடியில் உட்காரும். பூட்டு எதுவும் கிடையாது, வில்லின் அழுத்தம் மட்டும்தான் அலகை நிறுத்துகிறது. காகிதமோ கயிறோ வெட்டும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் பையன்கள் கையில் கத்தி வெட்டுவதற்கு மட்டுமா இருக்கும்? டப்பா மூடியை நெம்புவார்கள், மரத்தில் குத்தித் திருகுவார்கள். பக்கவாட்டு விசை முழுவதும் அந்த ஒற்றை ஆணியின் மேல் விழும். சில நாளில் மூட்டு ஆடத் தொடங்கும். விலை உயர்ந்த கத்தியில் ஒவ்வொரு பாகத்தையும் அரத்தால் ராவி இழைத்துப் பொருத்துவதால் ஆட்டம் குறையும். மலிவான கத்திக்கு அவ்வளவு நேரம் செலவிட முடியாது. அதற்குப் பதில் மூட்டைச் சுற்றி நீளமாக இரும்பைக் கொடுத்துவிட்டால், பொருத்தம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கழுத்து தாங்கும். இரும்பு நீண்ட அளவுக்குக் கைப்பிடிக்கு வேண்டிய எலும்பும் குறையும். பார்லோவின் அழகு என்று இன்று எதைக் காட்டுகிறார்களோ அந்த நீண்ட கழுத்து இப்படி வந்தது.

இந்தக் கத்திகள் பெட்டி பெட்டியாக அமெரிக்கக் குடியேற்றங்களுக்குக் கப்பலேறின. சுதந்திரம் வாங்கிய பிறகும் நெடுங்காலம் அமெரிக்கா கத்திக்கு ஷெஃபீல்டைத்தான் நம்பியிருந்தது. அங்கே கிராமத்துக் கடைக்காரனும் ஆற்றோரப் படகுக்காரனும் 'பார்லோ' என்று கேட்டு வாங்கப் பழகிவிட்டார்கள். ஷெஃபீல்டில் இருந்த மற்றத் தொழிலாளர்களும் அதே வடிவத்தைச் செய்து அதே பெயரை அடித்து அனுப்பினார்கள். குடும்பப் பெயராக இருந்தது ஒரு வகையின் பெயராக மாறிவிட்டது. பிறகு அந்தப் பெயரை அடிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கட்டத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சாட்சி மார்க் ட்வைன். 1876இல் வந்த 'டாம் சாயர்' கதையில், பைபிள் வசனங்களை மனப்பாடம் செய்யத் திணறும் டாமுக்கு ஒன்றுவிட்ட சகோதரி மேரி ஒரு பரிசு தருவதாக ஆசை காட்டுகிறாள். வசனம் ஒருவழியாக மண்டையில் ஏறுகிறது. பரிசு ஒரு புத்தம்புது பார்லோ, விலை பன்னிரண்டரை சென்ட். அது எதையும் வெட்டாது என்று ட்வைன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறார். ஆனாலும் டாமுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கிறது, ஏனென்றால் அது அசல் பார்லோ. இப்படிப்பட்ட ஆயுதத்தைப் போலி செய்து இன்னும் மோசமாக்கிவிட முடியும் என்று மேற்குப் பக்கத்துப் பையன்களுக்கு எப்படித் தோன்றியதோ என்று ஆச்சரியப்படுகிறார். டாம் உடனே அலமாரியைச் செதுக்க ஆரம்பித்து, அடுத்து மேசைப் பெட்டிக்கு நகரும்போது ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்குக் கிளம்பச் சொல்லி அழைப்பு வந்துவிடுகிறது.

நகைச்சுவைக்காக எழுதியதுதான். ஆனால் பொருள்களின் வரலாற்றைத் தேடுபவருக்கு அதில் மூன்று தகவல்கள் கிடைக்கின்றன. விலை தெரிகிறது. போலிகள் நிறைய இருந்தன, பையன்கள் அசலையும் போலியையும் பிரித்துப் பேசினார்கள் என்பது தெரிகிறது. கத்தியின் தரத்தைவிடப் போல்ஸ்டரில் அடித்த பெயர் ஒரு பையனுக்குப் பெரிது என்பதும் தெரிகிறது. கதை நடக்கும் காலம் 1840களை ஒட்டியது. அப்போது அமெரிக்காவில் பெயர் சொல்லும்படி பார்லோ செய்தவர் இல்லை. டாம் கையில் இருந்தது கப்பலில் வந்த சரக்காகத்தான் இருக்க வேண்டும். ட்வைன் பின்னர் எழுதிய 'ஹக்கிள்பெரி ஃபின்'னிலும், வெள்ளத்தில் மிதந்து வரும் வீட்டில் ஹக்கும் ஜிம்மும் கண்டெடுக்கும் பொருள்களில் ஒரு புது பார்லோ இருக்கிறது. அதன் மதிப்பு 25 சென்ட் என்று ஹக் கணக்காகச் சொல்கிறான்.

அமெரிக்காவிலேயே செய்த பார்லோவின் கதைக்கு இனி ஜான் ரஸ்ஸலிடம் போக வேண்டும். 1797இல் மாசசூசெட்ஸின் டீர்ஃபீல்டில் பிறந்தவர். இளமையில் தெற்கே ஜார்ஜியாவுக்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் பணம் சேர்த்துத் திரும்பியவர். 1834இல் கிரீன்ஃபீல்டில் கிரீன் நதிக்கரையில் ஒரு பட்டறை போட்டார். முதலில் செய்தது உளியும் கோடரியும், பிறகுதான் கத்தி. ஷெஃபீல்டின் பெயரோடு மோதுவது அன்றைக்கு லேசான காரியமில்லை. அங்கே ஒருவர் அடிப்பார், ஒருவர் சாணை பிடிப்பார், இன்னொருவர் கைப்பிடி பூட்டுவார். எல்லாம் கை வேலை, தலைமுறைப் பழக்கம். ரஸ்ஸல் அந்தக் கைகளையே கூடுதல் கூலி கொடுத்து வரவழைத்தார். அதோடு ஆற்று நீரால் இயங்கும் சம்மட்டிகளையும் அச்சுகளையும் வைத்து, அலகை ஒரே மாதிரியாக வேகமாக அடித்துத் தள்ளினார். 'கிரீன் ரிவர்' முத்திரையோடு போன அவருடைய கசாப்புக் கத்திகளும் தோலுரிக்கும் கத்திகளும் மேற்கே மென்மயிர் வேட்டைக்காரர்களிடம் பெரும்பெயர் வாங்கின.

1870 வாக்கில் கம்பெனி கனெக்டிகட் நதியில் அணை கட்டியிருந்த டர்னர்ஸ் ஃபால்ஸுக்கு இடம் மாறி, பிரம்மாண்டமான தொழிற்சாலை ஒன்றை எழுப்பியது. நேரம் சரியில்லை. 1873இன் நிதி நெருக்கடியில் கம்பெனி திவாலானது. அதே ஆலை, அதே ஆட்களோடு ஜான் ரஸ்ஸல் கட்லரி கம்பெனி என்ற பெயரில் மறுபடி எழுந்தது. அடுத்த ஆண்டு ரஸ்ஸல் காலமானார். 1875 வாக்கில் கம்பெனி மடக்குக் கத்தியில் இறங்கியது. அப்படி வந்ததுதான் ரஸ்ஸல் பார்லோ. திவாலில் இருந்து எழுந்த ஒரு பெரிய ஆலைக்கு எண்ணிக்கையில் ஓடும் சரக்கு தேவைப்பட்டது இயல்பு. ஆக, அமெரிக்காவில் ரஸ்ஸல் என்ற பெயரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த கத்தியை ரஸ்ஸல் பார்க்கவேயில்லை. பின்னால் வந்தவர்கள் பலர், ரஸ்ஸல் பார்லோ என்று ஒரே ஆள் இருந்ததாகவே நம்பினார்கள். உண்மையில் அட்லாண்டிக்கின் இரு கரைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில் வாழ்ந்த இருவர் அந்தப் பெயருக்குள் இருக்கிறார்கள்.

ஒற்றை அலகு 15 சென்ட், இரட்டை அலகு 25 சென்ட். அந்த விலையில் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு கத்தியை எடுத்துப் பார்க்கலாம். போல்ஸ்டர் இரும்பு, நிக்கல் வெள்ளி கிடையாது. அதில் பார்லோ என்ற எழுத்து, கூடவே ரஸ்ஸலின் முத்திரை: ஆர் எழுத்தை ஊடுருவிச் செல்லும் ஓர் அம்பு. கைப்பிடி மாட்டெலும்பு. மற்றக் கத்திகளில் எலும்பை உளி இயந்திரத்தால் குடைந்து, மான்கொம்பின் சொரசொரப்பை வரவழைத்து, சாயம் ஏற்றி, மெருகு போடுவார்கள். பார்லோவில் எலும்பை ரம்பத்தால் பலகையாக அறுத்ததோடு சரி. ரம்பப் பல் போன கோடுகள் குறுக்கே வரிவரியாக அப்படியே இருக்கும். கட்டைவிரலை ஓட்டினால் அந்த வரிகள் உறைக்கும். ஈரக் கையிலும் பிடி நழுவாது. ஆனால் எஃகில் மட்டும் ரஸ்ஸல் கம்பெனி கை வைக்கவில்லை. ட்வைன் கேலி செய்த கத்தியைப் போலன்றி இது வெட்டியது. வேலைப்பாட்டில் மிச்சம், எஃகில் தாராளம் என்ற இந்தக் கணக்குதான் ரஸ்ஸல் பார்லோவை அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட வைத்தது என்று நினைக்கிறேன்.

ரம்ப வரிகளின் பிற்காலம் இன்னும் சுவையானது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் எலும்புக்குப் பதில் பிளாஸ்டிக் வந்தது. பிளாஸ்டிக்கை யாரும் ரம்பத்தால் அறுப்பதில்லை, அச்சில் வார்க்கிறார்கள். ஆனாலும் இம்பீரியல், ஷ்ரேட், கமிலஸ் முதலிய கம்பெனிகளின் பார்லோ கைப்பிடிகளில் அதே ரம்பக் கோடுகள் இருக்கும். அச்சிலேயே அவற்றைச் செதுக்கி வைத்து வார்த்தார்கள். மெருகு போடும் கூலியை மிச்சம் பிடிக்க விட்டுவைத்த தடத்தை, பிறகு காசு செலவழித்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அது இல்லாமல் கொடுத்தால் வாங்குபவர் பார்லோ என்று ஏற்க மாட்டார்.

1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டம் வெளிநாட்டுக் கத்திகளை விலையேற்றியது. ஷெஃபீல்டு பின்வாங்க, நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் கனெக்டிகட்டிலும் கத்தி ஆலைகள் பெருகின. ஏறத்தாழ எல்லோருமே ஒரு பார்லோ செய்தார்கள். முதல் உலகப்போர் முடிந்து துப்பாக்கி ஆர்டர் வற்றியதும் ரெமிங்டன் கம்பெனி 1920இல் கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் மடக்குக் கத்தியில் இறங்கியது; அதன் பட்டியலில் ஐந்தங்குல நீளப் பெரிய பார்லோவும் இருந்தது. சேகரிப்பாளர்கள் அந்த அளவை 'டாடி பார்லோ' என்பார்கள். ரஸ்ஸல் கம்பெனியோ 1933இல் சவுத்பிரிட்ஜின் ஹாரிங்டனோடு இணைந்து, சமையலறைக் கத்தி, தொழில்முறைக் கத்தி என்று போய்விட்டது. இன்று டெக்ஸ்டர்-ரஸ்ஸல் என்ற பெயரில் இறைச்சிக் கடைகளிலும் மீன் கடைகளிலும் இருப்பது அதன் வாரிசுதான். பார்லோ அதனிடம் தங்கவில்லை.

சேகரிப்பு ஒரு பெரும் பழக்கமாகத் திரண்டது 1960களின் கடைசியில். அதில் கேஸ் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் 1905 முதல் இயங்கும் ஆலை அது. அதன் கத்திகளில் ஓர் எண் இருக்கும். பார்லோவின் எண் 62009: 6 என்றால் எலும்புப் பிடி, 2 என்றால் இரண்டு அலகு, மீதி வடிவத்தின் எண். 1965இல் முத்திரையில் யு.எஸ்.ஏ. என்று சேர்த்தார்கள். 1970இல் அதன் கீழே பத்துப் புள்ளிகளை அடித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1979 கத்தியில் ஒரே புள்ளி மிஞ்சியது. ஒரு மடக்குக் கத்தியைத் திறந்ததும் அதன் பிறந்த ஆண்டைப் படித்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஊர் ஊராக இரும்புச் சாமான் கடைகளில் காட்சிப் பலகையில் தொங்கிய பழைய முத்திரைக் கத்திகளை ஆட்கள் மொத்தமாக வாங்கிப் போனார்கள். 1968இல் வந்த துப்பாக்கிச் சட்டம் மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி விற்பதை இறுக்கியதால் பலர் கத்திப் பக்கம் வந்தார்கள் என்றும் பழைய சேகரிப்பாளர்கள் சொல்வதுண்டு. 1972இல் அவர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கமே அமைந்தது.

சேகரிப்பாளர்களின் கண்காட்சி மேசைகளில் பார்லோவைத் தேடியவர்கள் ஒரு வேடிக்கையான தட்டுப்பாட்டைச் சந்தித்தார்கள். லட்சக்கணக்கில் விற்ற ரஸ்ஸல் பார்லோவில் கூர் தீட்டப்படாதது கிடைப்பதேயில்லை. முத்துச்சிப்பிப் பிடிக் கத்தியை வாங்கியவர் மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார். அது நூறாண்டு கழித்தும் புதிதாகவே இருக்கிறது. 15 சென்ட் கத்தியை யார் பத்திரப்படுத்துவார்? அது உழைத்தது. சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து அலகு பாதியானது, முனை ஒடிந்தது, ஆற்றில் விழுந்தது. அதனால் முழு அலகோடு ஒன்று வந்தால் விலை எங்கோ போய்விடும்.

விலை ஏறினால் டாம் காலத்துப் போலிகளும் திரும்பி வரும். உடைந்த மூன்று கத்திகளில் இருந்து ஒரு முழுக் கத்தி பூட்டுவார்கள். முத்திரையைப் புதிதாக அடிப்பார்கள். பழகிய கண் முதலில் பார்ப்பது, எல்லாப் பாகமும் ஒரே அளவுக்கு வயதாகியிருக்கிறதா என்பதை. போல்ஸ்டரின் விளிம்பு மழுங்கி, அதில் உள்ள எழுத்து மட்டும் கூராக நின்றால் சந்தேகம். அலகு தேய்ந்து, கைப்பிடி ரம்ப வரிகள் தேயாமல் இருந்தால் சந்தேகம். பழைய எலும்பு காலப்போக்கில் சுருங்கும். இரும்புக்கும் எலும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்து அழுக்கேறியிருக்கும். அது இல்லாமல் எலும்பு இரும்போடு ஒட்டிக்கொண்டு நின்றால், பிடியை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஒரே வடிவத்தைச் சேர்ப்பதன் சுவை இந்தப் பழகிய கண்ணில்தான் இருக்கிறது. பல வகைக் கத்திகளைப் பரப்பி வைத்தால் வடிவங்களின் வித்தியாசம்தான் தெரியும். பார்லோவை மட்டும் வரிசையாக அடுக்கினால் வடிவம் கண்ணில் இருந்து மறைந்து, செய்தவரின் கை தெரியத் தொடங்கும். இவர் அலகின் முனையை ஈட்டிபோல் விட்டிருக்கிறார், அவர் சாய்த்து வெட்டியிருக்கிறார், இன்னொருவர் சவரக் கத்திபோல் அகலமாக்கியிருக்கிறார். இந்த வில் இறுக்கம், அது தளர்வு. மூடும்போது ஒன்று டக்கென்று சொல்லும், இன்னொன்று சத்தமில்லாமல் படியும். எனக்கு இரும்புப் போல்ஸ்டரில் துருத் தின்ற சிறு குழிகள் பிடிக்கும். நிக்கல் வெள்ளி எத்தனை பளபளத்தாலும் அந்தக் குழிகளில் உள்ள காலம் அதில் தெரிவதில்லை.

இந்தியாவுக்கும் இந்தக் கத்திகளோடு ஓர் உறவு உண்டு. அமெரிக்கக் கத்திகளில் அசல் கொம்புப் பிடி என்று போற்றப்படுவது பெரும்பாலும் நம் காடுகளில் கடமான் உதிர்த்த கொம்பு. இந்தியா அதன் ஏற்றுமதியைத் தடை செய்த பிறகு அந்தப் பிடிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. மாட்டெலும்புப் பார்லோவை அது பெரிதாகத் தொடவில்லை.

2000க்குப் பிறகு வந்த ஆண்டுகள் அமெரிக்கக் கத்தித் தொழிலுக்குக் கெட்ட காலம். இம்பீரியல் ஷ்ரேட் 2004இல் மூடியது. கமிலஸ் 2007இல் முடிந்தது. டைட்டஸ்வில்லின் க்வீன் கம்பெனி 2018இல். ஆனால் அதே டைட்டஸ்வில்லில், 1859இல் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டிய பென்சில்வேனியச் சிற்றூரில், 2006இல் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி தொடங்கியது. அங்கே இன்றும் மடக்குக் கத்திகளைப் பழைய முறையில், சிறு சிறு தொகுதிகளாகச் செய்கிறார்கள். பெரும்பாலும் 1095 என்ற கார்பன் எஃகு. துருப்பிடிக்கும், ஆனால் நன்றாகக் கூர் ஏறும். அலகில் அடித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் செய்த ஆண்டு. அவர்களுடைய பார்லோக்களில் ரம்ப வரி எலும்புப் பிடி போட்டவையும் உண்டு. விலை நூறு டாலரைத் தாண்டும், அப்படியும் ஒரு தொகுதி வந்த வேகத்தில் தீர்ந்துவிடும்.

வாங்கியதை உபயோகிக்கலாமா, எண்ணெய் தடவி மூடி வைக்க வேண்டுமா என்பது சேகரிப்பாளர்களுக்குள் தீராத வழக்கு. தீட்டாத அலகுக்குத்தான் சந்தையில் விலை, அதை மறுப்பதற்கில்லை. நான் உபயோகிப்பவர்கள் பக்கம். ஆப்பிளையும் எலுமிச்சையையும் வெட்ட வெட்ட, கார்பன் எஃகில் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத்திட்டாக ஒரு நிறம் ஏறும். அந்த நிறம் கத்திக்குக் கத்தி வேறாக இருக்கும். 62009 ஒன்றோ டைட்டஸ்வில் பார்லோ ஒன்றோ கிடைத்தால், முதல் வாரத்திலேயே ஒரு பழத்தை நறுக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.